ஐஸ் கரைந்த பிறகு

அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். சாயங்காலச் செய்தியில் வெயில் கணக்கு வாசிக்கும்போது திருத்தணி, வேலூர் பெயர் வருகிறதா என்று காது கொடுப்போம். 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களில் நம் பக்கம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். திருத்தணி வெயில்தான் அரக்கோணத்துக்கும்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு மே மாதத்தில் என் அக்கா வீட்டுக்காரருக்குக் காலில் புண். மாமாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. செருப்பு கடித்த சின்னக் காயம், ஆறவே இல்லை. டாக்டர் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். புண்ணில் புதுத் தோலை வளரத் தூண்டும் புரதம் கலந்தது, 'வளர்ச்சிக் காரணி' என்பார்கள். ஊரில் கிடைக்காமல் சென்னையில் வாங்கினேன். கடைக்காரர் ஐஸ் வைத்துத் தெர்மாகோல் பெட்டியில் கட்டி, "பிரிட்ஜிலேயே வைங்க சார்" என்றார். கூட்டத்துக்குப் பயந்து இரண்டு வண்டியை விட்டு மூன்றாவதில் ஏறினேன். வீடு வந்து பெட்டியைத் திறந்தால் ஐஸ் தண்ணீராகிக் கிடந்தது. அன்று ராத்திரி கரண்டும் இல்லை.

"ஏன் மச்சான், வெதுவெதுன்னு இருக்கே, இது வேலை செய்யுமா?" என்று கேட்டார் மாமா. என்ன சொல்ல? விலை அதிகம், தூக்கிப் போட மனசு வரவில்லை. போட்டோம். கடைசியில் கட்டை விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மருந்து கெட்டதாலா, நோய் முற்றியதாலா? இன்றுவரை தெரியாது. பால் திரிந்தால் கண்ணுக்குத் தெரியும். புரதம் கெட்டால் நிறமும் மாறாது, வாடையும் வராது.

அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். புரதம் என்பது ஒரு நீளச் சங்கிலி, குறிப்பிட்ட விதத்தில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூடு பட்டால் மடிப்பு குலைந்துவிடும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி பழைய நிலைக்கு வராது இல்லையா, அதே கதைதான். ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து இப்படி ஒரு காரணியைப் பிரித்தெடுத்தார். அதை ஊசி போட்ட எலிக்குட்டிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கண் திறந்தனவாம். அதற்காக 1986இல் நோபல் பரிசு. அதே காரணியில் செய்த ஜெல்லைச் சர்க்கரைப் புண்ணில் போட்டுப் பார்த்து, புண் சீக்கிரம் ஆறியதாக 2006இல் ராயபுரம் டாக்டர் விஜய் விஸ்வநாதன் உள்ளிட்டோர் கட்டுரை எழுதினார்கள். ஆக, மருந்து நல்ல மருந்துதான். சிக்கல் அதை வீடுவரை கொண்டு வருவதில்.

இதற்கு வழி உண்டு. சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனம் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, அந்த இடத்தில் வேறு கண்ணியைப் போடுகிறார்கள். செக் நாட்டு பிர்னோ நகர ஆராய்ச்சியாளர்கள் எஃப்.ஜி.எஃப்.-2 என்ற காரணியில் ஒன்பது இடங்களை மாற்றினார்கள். 37 டிகிரியில் சுமார் 10 மணி நேரத்தில் பாதி சக்தியை இழந்து கொண்டிருந்தது, மாற்றிய பிறகு 20 நாளுக்கு மேல் தாங்கியது. நம் பெங்களூரிலேயே, இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ராகவன் வரதராஜன் குழு கொரோனாவுக்கு உருவாக்கிய தடுப்பூசிப் புரதம் 37 டிகிரியில் ஒரு மாதம் கெடாமல் இருந்தது. நம்மவர்களுக்கும் இந்த வித்தை தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் ஆதங்கம் வேறு. இதே வளர்ச்சிக் காரணிகள் இப்போது முகச் சுருக்கம் போக்கும் கிரீமிலும் வருகின்றன. என் பேத்தியின் மேஜையில் ஒரு குப்பி பார்த்தேன். அழகு சாதனத்தில் காசு சீக்கிரம் வரும், மருந்துக்குக் கேட்கிற அளவு நிரூபணமும் கேட்பதில்லை. சூடு தாங்கும் புரதம் முதலில் அந்தக் குப்பிக்குப் போய், புண்ணுக்கு எப்போதோ வந்து சேரும் என்றால் அது நியாயமில்லை. கிரீம் கெட்டால் சுருக்கம் அப்படியே இருக்கும், அவ்வளவுதான். ஜெல் கெட்டால் விரல் போகும்.

அவசரமும் கூடாது. வளரச் செய்யும் பொருளை அதிக நாள் உயிர்ப்போடு வைத்தால் வளரக் கூடாததும் வளருமோ என்று சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் இப்படி ஒரு புண் ஜெல்லுக்கு 2008இல் புற்றுநோய் எச்சரிக்கை போட்டு, பத்து வருஷம் கழித்து எடுத்தார்கள். மாற்றிய புரதத்தை உடம்பு ஏற்குமா என்றும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குத்தான் காசும் காலமும் ஆகும், அரசுப் பணம் அங்கேதான் போக வேண்டும். குளிர்சாதன வண்டி மாவட்டத் தலைநகர்வரை வரும். அதற்குப் பிறகு எங்கள் வீடுவரை உள்ள தூரத்தை அந்தப் புரதமே தாங்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக் கூடியது: வாங்கும்போதே எத்தனை டிகிரியில் வைப்பது என்று கேளுங்கள். வாய் அகன்ற பிளாஸ்கில் ஐஸோடு, மருந்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் எடுத்து வாருங்கள். பிரீசரில் வைக்காதீர்கள், உறைந்தாலும் கெடும். சந்தேகம் வந்தால் டாக்டரையே கேளுங்கள்.

மாமா இப்போதும் சாயங்காலம் தெரு முனைவரை நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து. டியூபைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதே இல்லை. நான்தான் அந்தப் பெட்டியைத் திறந்த நிமிஷத்தை மறக்க முடியாமல் இருக்கிறேன்.