மாமன் மச்சான் இல்லாத துணைவேந்தர்

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் மாணவர் விடுதி ஒன்றுக்குப் பெயர் க்வையர் ஹால். தமிழ்நாட்டிலிருந்து படிக்கப் போகிறவர்கள் அட்மிஷன் நாட்களிலேயே இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். யார் அந்த க்வையர் என்றால், யாரோ வெள்ளைக்காரர் என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

வெள்ளைக்காரர்தான். சர் மாரிஸ் க்வையர் 1937ல் டெல்லிக்கு வந்தபோது அவருக்கு வயது 59. லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் சட்டம் போதித்தவர். சட்ட மாணவர்களுக்கு வேதமாக இருந்த ஆன்ஸனின் நூல்களைத் திருத்திப் பதிப்பித்தவர். மனைவி வழியில் பதிப்புத் தொழிலும் வீட்டுக்குள் இருந்தது. கவிஞர் டி.எஸ். எலியட் 1925ல் சேர்ந்த 'ஃபேபர் அண்ட் க்வையர்' நிறுவனத்தின் க்வையர் இவர்கள்தான். (1929ல் இவர்கள் விலகிய பிறகு அது 'ஃபேபர் அண்ட் ஃபேபர்' ஆயிற்று. அந்த இரண்டாவது ஃபேபர் என்று ஒருவர் இருந்ததே இல்லை.)

பிழைப்புத் தேடி வந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. நேரு அடிமைச் சாசனம் என்று சாடிய 1935ம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது பிரிட்டிஷ் அரசின் தலைமைச் சட்ட வரைவாளராக இருந்தவர் க்வையர். அந்தச் சட்டம் உருவாக்கிய ஃபெடரல் கோர்ட்டுக்கே முதல் தலைமை நீதிபதியாகவும் வந்தார். எழுதிய கையாலேயே பொருளும் சொல்ல வேண்டிய வேலை.

சொன்ன பொருள் ஆட்சியாளர்களுக்கு எப்போதும் இனிக்கவில்லை. அரசைக் கடுமையாகத் திட்டுவதே ராஜத்துரோகம் ஆகிவிடாது, பொது அமைதி குலையும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று 1942ல் தீர்ப்பளித்தார். 1943 ஏப்ரலில், ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, விசாரணையின்றி ஆட்களைச் சிறை வைக்க உதவிய போர்க்கால விதி ஒன்றைச் செல்லாது என்றார். அதே மாதம் சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு ஓட்டையை அடைத்தது. இரண்டு தீர்ப்புகளையும் லண்டனில் பிரிவி கவுன்சில் பின்னர் ஏற்க மறுத்தது. ராஜத்துரோகம் பற்றிய கருத்துக்கு மறுவாழ்வு கொடுத்தது சுதந்திர இந்தியாவின் சுப்ரீம் கோர்ட், 1962ல்.

இவ்வளவுக்கும் நடுவே 1938லிருந்து அவர் டெல்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நீதிபதிக்கு இது கௌரவத்துக்கு ஒரு பதவியாக இருந்திருக்கலாம். 1922ல் செயின்ட் ஸ்டீபன்ஸ், ஹிந்து, ராம்ஜாஸ் என்று மூன்று கல்லூரிகளை வைத்துத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. வைஸ்ராய் புது மாளிகைக்குப் போன பின் காலியாகக் கிடந்த பழைய மாளிகை 1933ல் அதன் கைக்கு வந்திருந்தது. கல்கத்தாவையும் சென்னையையும் பார்த்தவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றியிருக்காது.

க்வையர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நகரத்தில் சிதறிக் கிடந்த கல்லூரிகள் பழைய மாளிகையைச் சுற்றி ஒரே வளாகத்துக்கு வர வேண்டும் என்பது திட்டம். செயின்ட் ஸ்டீபன்ஸ் 1941ல் வந்தது. 1943ல் இண்டர்மீடியட் ஒழிக்கப்பட்டது. அதன் ஒரு வருடம் பள்ளிக்கும் மறு வருடம் கல்லூரிக்கும் போய், மூன்றாண்டு பட்டப்படிப்பு வந்தது. சென்னையில் இண்டர்மீடியட் போய் பி.யூ.சி. வருவதற்கு அதன்பின் பத்து வருடங்களுக்கு மேல் ஆயிற்று.

ஆனால் அவர் பெயரை நிலைக்க வைத்தவை கட்டிடமும் பாடத்திட்டமும் அல்ல, அவர் காலத்தில் வந்து சேர்ந்த ஆட்கள். 1942ல் வி.கே.ஆர்.வி. ராவ் வந்தார். காஞ்சிபுரத்தில் பிறந்து, இந்தியாவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டுக் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1949ல் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைத் தொடங்கியவரும் அவரே. அதே ஆண்டு ஆந்திரப் பல்கலைக்கழகத்திலிருந்து வேதியியல் துறைக்கு டி.ஆர். சேஷாத்ரியை அழைத்து வந்தார் க்வையர். குளித்தலைக்காரர், தாவர நிறமிகளை ஆராய்ந்தவர், பிற்பாடு லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ. தாவரவியலுக்குப் பஞ்சானன் மகேஸ்வரி வந்ததும் அந்த ஆண்டில்தான்.

இதெல்லாம் நடந்ததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. க்வையருக்கு டெல்லியில் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. எந்தக் கல்லூரி கோஷ்டிக்கும் அவர் கடன்பட்டவர் அல்ல. வெளியூர்க்காரர், வெளியூர்க்காரர்களைத் தேடிப் பிடிக்க முடிந்தது. அன்றைய டெல்லியில் முன்னாள் தலைமை நீதிபதியான ஒரு வெள்ளைக்காரருக்கு 'முடியாது' என்று சொல்வது சுலபமல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே வேலைக்கு ஓர் இந்தியர் முயன்றிருந்தால் சிபாரிசுக் கடிதங்களுக்குப் பதில் எழுதியே பாதி நாள் போயிருக்கும்.

அந்த பலம் 1947 ஆகஸ்டோடு போய்விட்டது. ஆங்கிலேயர்கள் மூட்டை கட்டினார்கள். நகரம் அகதிகளால் நிரம்பியது. க்வையருக்கு வயது 69. கப்பலேற எல்லா நியாயமும் இருந்தது. அவர் இருந்தார். மறு வருடம் பெண்களுக்காக மிராண்டா ஹவுஸ் கல்லூரியைத் தொடங்கினார். 1948 மார்ச்சில் எட்வினா மவுண்ட்பேட்டன் அடிக்கல் நாட்டினார். ஜூலையில் 33 மாணவிகள், செப்டம்பரில் 105. பெயர் ஷேக்ஸ்பியரின் 'டெம்பஸ்ட்' நாயகியுடையதா, நடிகை கார்மென் மிராண்டாவுடையதா, அவருடைய மகளுடையதா? மூன்று கதைகளும் வளாகத்தில் உலவுகின்றன. மாணவிகள் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள்.

1950ல், 72ம் வயதில், பதவியை விட்டார். 1952 அக்டோபரில் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் இறந்தார்.

அதன்பிறகும் ஒரு வேலை மிச்சமிருந்தது. 1921 முதல் 1947 வரையிலான இந்திய அரசியல் சாசன உரைகளையும் ஆவணங்களையும் தொகுக்கும் வேலை. கூட்டாளி, தென்னிந்தியாவின் இடைக்காலப் பொருளாதாரம் பற்றிய ஆராய்ச்சியைச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட டாக்டர் ஏ. அப்பாதுரை. 1955ல் டெல்லியில் சர்வதேச ஆய்வுகளுக்கென்று தொடங்கி, பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்விக்கூடத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். தொகுப்பு இரண்டு பாகங்களாக 1957ல் வந்தது. அட்டையில் இரண்டு பெயர்கள், க்வையர், அப்பாதுரை.