கணனிப் பக்கம்: சிக்கனத்துக்கும் ஒரு காவல் வேண்டும்



ஊரில் தந்தி அடித்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சொல்லுக்குச் சொல் காசு. கடிதத்தில் இரண்டு பக்கம் எழுதுகிறவர்களும் தந்தியில் நான்கு சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த நான்கில் ஒரு சொல் பிழைத்தால் செய்தியே மாறிவிடும். சிக்கனம் கூடும்போது பிழையின் சேதமும் கூடுகிறது. இதே சிக்கல் கணனிக்கு உள்ளேயும் இருக்கிறது. அதை எப்படித் தீர்க்கிறார்கள் என்று இம்முறை பார்ப்போம்.

கணனியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தரவு கொண்டு போகும் கம்பிக் கூட்டத்துக்கு 'பஸ்' என்று பெயர். நாம் ஏறிப் போகும் பஸ் போல இதுவும் பலருக்குப் பொதுவானது. 8 கம்பிகள் இருந்தால் ஒரே தடவையில் 8 இலக்கங்கள் போகலாம். ஒவ்வொன்றும் 0 அல்லது 1. ஒரு கம்பி 0 இலிருந்து 1 ஆகவோ, 1 இலிருந்து 0 ஆகவோ மாறும்போதுதான் மின்சக்தி அதிகம் செலவாகிறது. மாறாமல் இருந்தால் செலவு மிகக் குறைவு.

இந்தச் செலவைக் குறைக்க ஓர் எளிய வழியை 1995 இல் ஸ்டான், பேர்ல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கம்பிகளில் இப்போது 00000000 இருக்கிறது. அடுத்து 11101111 அனுப்ப வேண்டும். அப்படியே அனுப்பினால் 7 கம்பிகள் மாற வேண்டும். அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் புரட்டி 00010000 என்று அனுப்பி, "புரட்டியிருக்கிறேன்" என்று சொல்ல ஒன்பதாவது கம்பியில் 1 போடுகிறார்கள். இப்போது மாறியவை 2 மட்டுமே. இம்முறையில் எந்தத் தரவு வந்தாலும் 9 கம்பிகளில் 4க்கு மேல் மாறுவதில்லை. ஒழுங்கில்லாமல் வரும் தரவுக்குச் சராசரியாக 18 வீதம் மாற்றங்கள் குறைகின்றன.

ஆனால் அந்த ஒன்பதாவது கம்பியில் பிழை வந்தால் என்ன நடக்கும்? வேறொரு கம்பி பிழைத்தால் ஓர் இலக்கம் மட்டும் தவறும். புரட்டுக் கம்பி பிழைத்தால் 8 இலக்கமும் தவறிவிடும்! சிக்கனத்துக்கென்று வைத்த கம்பியே முழுச் செய்தியையும் கெடுத்துவிடுகிறது.

இங்கேதான் பிழை திருத்தும் முறை கை கொடுக்கிறது. பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ரிச்சட் ஹாமிங், வார இறுதியில் ஓட விட்ட கணனி பிழை கண்டதும் வேலையைக் கைவிடுவதைப் பார்த்துச் சலித்துப் போனார். பிழை இருக்கிறது என்று அறியும் இயந்திரம், அது எங்கே என்றும் அறியக் கூடாதா என்று யோசித்தார். 1950 இல் தன் முறையை வெளியிட்டார்.

அவருடைய முறையில் 1, 2, 4, 8 ஆம் இடங்களில் காவல் இலக்கங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சில குறிப்பிட்ட இடங்களைக் கண்காணிக்கும். தன் கூட்டத்தில் உள்ள 1களின் தொகை இரட்டை எண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. 1 ஆம் காவலும் 4 ஆம் காவலும் விதி பிழைத்தது என்று சொன்னால், 1ஐயும் 4ஐயும் கூட்டுங்கள். 5 ஆம் இடத்தில்தான் பிழை. அந்த இலக்கத்தைப் புரட்டினால் சரியாகிவிடும். ஒரு தடவையில் ஒரு பிழை வரைக்கும் இப்படித் திருத்தலாம்.

இரண்டு முறைகளையும் சேர்க்கும்போது ஒழுங்கு முக்கியம். முதலில் புரட்டுவதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு புரட்டுக் கம்பியையும் சேர்த்து 9 இலக்கங்களுக்கும் காவல் போட வேண்டும். 8 இலக்கங்களுக்கு 4 காவல் தேவை. 9 இலக்கங்களுக்கும் அதே 4 போதும்! புரட்டுக் கம்பியைக் காக்க மேலதிகமாக ஒரு காவல்கூட வேண்டியதில்லை. மாறாக, காவலை முதலில் போட்டுவிட்டுப் பிறகு புரட்டினால் ஒன்பதாவது கம்பி காவலுக்கு வெளியே நின்றுவிடும்.

காவல் கம்பிகளும் மாறும்போது மின்சக்தி செலவாகும்தான். ஆகவே மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு காவலுக்குப் போகும். இரண்டையும் ஒன்றாகத் திட்டமிட வேண்டும் என்பது இதனால்தான்.

2012 இல் வெளியான டிடிஆர்4 நினைவகத் தரத்திலும் இந்தப் புரட்டும் ஏற்பாடு உண்டு. அங்கே 0 அனுப்பவே செலவு கூட என்பதால், மாற்றங்களை விட்டு 0களை எண்ணிப் புரட்டுகிறார்கள். நினைவகத்தில் எழுதும்போது பிழை கண்டுபிடிக்கும் இலக்கங்களைக் கணிக்கையில் புரட்டுக் கம்பியையும் சேர்த்தே கணிக்கிறார்கள். அங்கே பிழை கண்டால் திருத்துவதில்லை, மறுபடி அனுப்புகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: கம்பிகளில் 00001111 இருக்கிறது, புரட்டுக் கம்பியில் 0. அடுத்து 11110001 அனுப்ப வேண்டும். புரட்ட வேண்டுமா? புரட்டினால் எத்தனை கம்பிகள் மாறும்? பெற்றோரே, இதற்குக் கணனி தேவையில்லை, பாசையும் தடையில்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்காருங்கள். விடை அடுத்த இதழில்.