முதல் கைப்பேசி விளையாட்டுக்கு ஏற்ற கருவி எது?

முன்னுரை

கேரளத்தின் எல்லையோரப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களுக்கும், உடும்பன்சோலையின் ஏலத் தோட்டங்களுக்கும் தொழில் தேடி வந்தோர் பலர். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு வட்டாரங்களிலும் தமிழ் பேசுவோர் மிகுதி. இக்குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்கு ஒரு திறன்பேசியே இருக்கும். அது பெற்றோருடன் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும். கிடைக்கும் சிறிது நேரத்தில் அதனைக் கையில் எடுக்கும் பிள்ளை விளையாட்டையே தேடுகிறது. அவ்வாறு விளையாடுவோருள் சிலருக்கு, ‘இதைப் போன்ற ஒன்றைத் தானே உருவாக்கினால் என்ன?’ என்ற ஆசையும் பிறக்கிறது. அந்த ஆசை நிறைவேறுவதும் முளையிலேயே கருகுவதும், தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் கருவியைப் பெரிதும் பொறுத்தவை.

கருவியின் பணி

திரையில் ஒரு பந்து துள்ளுவதற்குப் பின்னால் பல வேலைகள் நிகழ்கின்றன. ஒரு நொடிக்குள் பந்தின் படம் பலமுறை இடம் மாற்றி வரையப்பட வேண்டும். விரல் தொட்ட இடம் அறியப்பட வேண்டும். பந்து சுவரில் மோதியதா என்று கணக்கிட வேண்டும். இவ்வேலைகளை எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதாமல் இருப்பதற்காகவே விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்கள் தோன்றின. படம் வரைதல், ஒலி எழுப்புதல், மோதலை அறிதல் ஆகியவற்றைக் கருவி பார்த்துக்கொள்ளும். விதிகளை வகுப்பது மட்டுமே உருவாக்குபவரின் பொறுப்பாகும்.

பெரிய கருவியின் கவர்ச்சி

விளையாட்டு உருவாக்க விரும்பும் மாணவர் பெரும்பாலும் ‘யூனிட்டி’ என்ற பெயரையே முதலில் கேள்விப்படுகிறார். 2005ஆம் ஆண்டு வெளிவந்த இம்மென்பொருளைக் கொண்டு உலகப் புகழ் பெற்ற கைப்பேசி விளையாட்டுகள் பல உருவாக்கப்பட்டுள்ளன. புகழ் பெற்றோர் பயன்படுத்தும் கருவியே சிறந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் அதனை நிறுவுவதற்கே கணினியில் பல ஜிகாபைட் இடம் தேவை. அதன் விதிகளை எழுத ‘சி ஷார்ப்’ என்னும் நிரல்மொழியையும் கற்க வேண்டும். பழைய கணினியும் விட்டுவிட்டு வரும் இணையமும் உள்ள ஒரு மலைக்கிராமத்தில், பதிவிறக்கம் முடிவதற்குள் ஆசை முடிந்துவிடக்கூடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கருவி கடினமாக இருந்ததை உணராத பிள்ளை, ‘எனக்கு இது வராது’ என்று தன் அறிவின் மீதே பழி சுமத்திக்கொள்கிறது. ஒருமுறை அவ்வாறு எண்ணிய பிள்ளையை மீண்டும் கணினி முன் அமர்த்துவது எளிதன்று.

தொடக்கத்துக்கு உகந்தவை

முதல் கருவிக்கு மூன்று தகுதிகள் வேண்டும். கையில் உள்ள கணினியில் அது இயங்க வேண்டும். எழுத்துப் பிழையால் வேலை நின்றுபோகாமல் இருக்க வேண்டும். சில நாள்களுக்குள் ஒரு சிறு விளையாட்டையாவது முடிக்க உதவ வேண்டும்.

இத்தகுதிகள் அமைந்தது ‘ஸ்கிராட்ச்’. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்த இக்கருவி, 8 முதல் 16 வயது வரையுள்ளோரை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. இதில் கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டங்களாக இருக்கும். அவற்றை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் உருவாகும். பொருந்தாத கட்டங்கள் ஒட்டிக்கொள்ள மாட்டா. இணைய இணைப்பு இல்லாமல் இயங்கும் பதிப்பும் உண்டு. செய்து முடித்த விளையாட்டை இணையத்தில் பகிர்ந்தால், கைப்பேசியின் உலாவியிலும் விளையாடலாம்.

அடுத்த படி ‘ஆப் இன்வென்டர்’. 2010இல் கூகுள் நிறுவனம் வெளியிட்ட இக்கருவி, பின்னர் அதே மாசசூசெட்ஸ் கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. கட்டங்களைப் பொருத்தும் முறையே இதிலும் உண்டு. ஆனால் முடிவில் கிடைப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவக்கூடிய ஓர் உண்மையான செயலி. இதனைப் பயன்படுத்த இணையம் வேண்டும். எனவே ஸ்கிராட்சில் பழகிய பின்னர், இணைய வசதியுள்ள பள்ளிக் கணினி அறையில் இதனைத் தொடங்குவது நல்லது.

எடுத்துக்காட்டாக, மூணாற்று மாணவி ஒருத்தி தன் தாய் செய்யும் வேலையையே விளையாட்டாக்கலாம். மேலிருந்து தேயிலைகள் உதிர்கின்றன. கீழே ஒரு கூடை விரலின் இழுப்புக்கு நகர்கிறது. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கூடையில் விழுந்தால் ஒரு புள்ளி கூடும். முற்றிய இலை விழுந்தால் ஒரு புள்ளி குறையும். அறுபது நொடியில் ஆட்டம் முடியும். ஓர் ஓவியப் பலகை, அதில் நகரும் சில படங்கள், ஒரு கடிகாரம், புள்ளியைக் காட்டும் ஓர் எழுத்துப் பெட்டி ஆகியவை போதும். மாலையில் வீடு திரும்பும் கைப்பேசியில் அவ்விளையாட்டை நிறுவித் தாயின் கையில் கொடுக்கும்போது, கொழுந்து பறிப்பதில் தேர்ந்தவர் அத்தாயே என்பதும் விளங்கும்.

பள்ளிகள் காட்டும் வழி

கேரள அரசு 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள், உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு அசைவூட்டப் படம், நிரலாக்கம், கைப்பேசிச் செயலி உருவாக்கம் ஆகியவற்றில் பயிற்சி அளிக்கின்றன. ஸ்கிராட்சும் ஆப் இன்வென்டரும் அப்பயிற்சியில் இடம்பெற்றுள்ளன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் 2021-22 கல்வியாண்டில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை நிரலாக்கத்தைத் திறன் பாடமாக அறிமுகம் செய்தது. ஆகவே எளிய கருவியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்க்கு, ஐயம் கேட்க ஆசிரியரும் உடன் முயலத் தோழரும் அருகிலேயே கிடைப்பர். அறிமுகமற்ற பெரிய கருவியை எடுத்தவர் தனித்தே தடுமாற நேரும்.

மறுப்பும் விடையும்

‘கட்டங்களைப் பொருத்துவது குழந்தை விளையாட்டு, நேரே பெரிய கருவியைக் கற்றால் காலம் மிச்சமாகுமே’ என்று சிலர் கூறுவர். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கட்டங்களால் மிகப் பெரிய விளையாட்டை உருவாக்குவது கடினம். ஒரு நாள் அவற்றைக் கடந்து செல்லத்தான் வேண்டும். ஆனால் நிபந்தனை, மீள்செயல், மாறி என்னும் அடிப்படைக் கருத்துகள் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானவை. சிறிய கருவியில் கற்றவை பெரிய கருவியிலும் பயன்படும். மேலும், விளையாட்டின் சிறப்பு அதன் அளவில் இல்லை. வியட்நாம் நாட்டின் டோங் நுயென் என்பவர் தனியொருவராக உருவாக்கி 2013இல் வெளியிட்ட ‘பிளாப்பி பேர்ட்’ விளையாட்டில், திரையைத் தொட்டால் பறவை எழும், தொடாவிட்டால் தாழும், குழாயில் மோதினால் ஆட்டம் முடியும். அவ்வளவே விதிகள். 2014இன் தொடக்கத்தில் உலகமே அதனை விளையாடியது.

கட்டங்களைக் கடக்கும் நாள் வரும்போது ‘கோடோ’ என்னும் கட்டற்ற மென்பொருள் காத்திருக்கிறது. 2014இல் மூலநிரலுடன் வெளியிடப்பட்ட அதற்குக் கட்டணம் இல்லை. 2023இல் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய விளையாட்டுகளுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே, அடுத்த ஆண்டு அதனைக் கைவிட்டது. அக்கட்டணம் தொடக்க நிலையினரைத் தொட்டிருக்காது. ஆயினும் பிறர் உடைமையான கருவியின் விதிகள் எந்நாளும் மாறலாம் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

தாய்மொழியும் நிரலும்

நிரல் என்றால் ஆங்கிலம் என்று அஞ்சும் பிள்ளைகளும் உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழி அவ்வச்சத்தைப் போக்கும். கைப்பேசி விளையாட்டுச் செய்யும் கருவியாக அது அமையாவிட்டாலும், நிரலின் அடிப்படையைத் தமிழிலேயே கற்பிக்கிறது. அதில் ஒன்றைத் திரையில் காட்டப் ‘பதிப்பி’ என்று எழுத வேண்டும். நிபந்தனை முதலிலும் ‘ஆனால்’ என்ற சொல் அதன் பின்னும் வரும். ‘மழை பெய்தால்’ என்று நிபந்தனைக்குப் பின்னே விகுதி சேர்க்கும் தமிழின் இயல்புக்கு அது ஒத்தது. வீட்டில் பேசும் மொழியில் சிந்தித்துப் பழகிய பிள்ளைக்கு, எக்கருவியின் கட்டளையும் அயலாகத் தோன்றாது. ஆப் இன்வென்டரில் செய்யும் விளையாட்டிலும் தலைப்பு, விதி, வாழ்த்து அனைத்தையும் தமிழிலேயே எழுதலாம்.

முடிவுரை

திண்ணையிலும் தரையிலும் கரிக்கோடு வரைந்து ஆடுபுலி ஆட்டம் ஆடிய முன்னோர், அதற்கெனப் பெரிய கருவி எதையும் தேடவில்லை. மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் கையில் கிடைத்த கற்களையே காய்களாக்கினர். எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளும் கையில் உள்ள கணினிக்கு ஏற்ற எளிய கருவியால் தொடங்குவதே முறை. முடிக்கப்பட்ட ஒரு சிறு விளையாட்டு, தொடங்கிக் கைவிடப்பட்ட பத்துப் பெரிய விளையாட்டுகளைவிட மேலானது. பிறர் செய்ததை விளையாடும் பிள்ளை, தான் செய்ததைப் பிறர் விளையாடக் காணும் நாள் அதன் வழியே வரும்.

சிந்தனை வினாக்கள்

1. முதல் கருவிக்கு வேண்டிய தகுதிகளாகக் கட்டுரை கூறும் மூன்று யாவை?
2. ‘எனக்கு இது வராது’ என்று பிள்ளை எண்ணுவதற்குக் கட்டுரை காட்டும் காரணம் யாது?
3. உங்கள் பெற்றோரின் தொழிலை ஒரு விளையாட்டாக மாற்றுக. அதன் விதிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.