டம்ளருக்குக் காது கிடையாது!

உண்மையைச் சொல்லிடறேன் ஃப்ரெண்ட்ஸ்... அந்தக் கணக்கு கான்ஃபரன்ஸுக்கு நான் போனது கணக்குக்காக இல்லை. ரெண்டு நாள் ஓ.டி., மதியம் சாப்பாடு, முடிஞ்சதும் ஒரு சர்டிஃபிகேட். 73 பர்சன்ட் அட்டென்டன்ஸோட ஊசலாடிக்கிட்டிருக்கிற தேர்ட் இயர் மெக்கானிக்கல் மாணவனுக்கு வேற என்ன வேணும்?

நம்ம டெல்டாவுல ஒரு காலேஜ். போன மார்கழி. மேடையில 'டோபாலஜி, ஜியாமெட்ரிக் குரூப் தியரி'னு பேனர். அதைப் படிச்ச உடனேயே என் கூட வந்த மாப்ளே கண்ணை மூடிட்டான்.

சென்னையிலேருந்து வந்திருந்த புரொஃபசர், டோபாலஜிக்காரங்க உலகம் முழுக்கச் சொல்ற ஜோக்கோட ஆரம்பிச்சார். ஒரு பொருளை ரப்பர் மாதிரி இழுக்கலாம், வளைக்கலாம், நசுக்கலாம். கிழிக்கவோ ஒட்டவோ கூடாது. அப்படிப் பார்த்தா காபி கப்பும் டோனட்டும் ஒண்ணுதானாம். கப்போட காதுல ஒரு ஓட்டை, டோனட் நடுவுல ஒரு ஓட்டை. டோனட்டுக்குப் பதிலா மெதுவடைன்னு போட்டுக்கிட்டேன், எனக்கே புரிஞ்சுது!

அடுத்து காபி பிரேக். தட்டுல வடை, கையில டபரா செட்டோட கும்பகோணம் டிகிரி காபி. அப்பதான் பொறி தட்டுச்சு. டம்ளருக்கு ஏதுங்க காது? தயங்கித் தயங்கிப் போய், "சார், எங்க ஊர் காபி வடை ஆகாதே?"ன்னேன். மனுஷன் வாய்விட்டுச் சிரிச்சுட்டார். "கரெக்ட் தம்பி. டம்ளர், டபரா ரெண்டுமே இட்லிதான்!"

அதுக்கப்புறம் நான் தூங்கலை.

குரூப்னா, செஞ்சா திரும்ப 'அன்டூ' பண்ணிட முடியற நகர்வுகளோட கூட்டம்னு வெச்சுக்குங்க. வடக்கே ஓரடி போனா, தெற்கே ஓரடி வெச்சுத் திரும்பிடலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கோடு போட்டா ஒரு படம் கிடைக்கும். ஆர்தர் கெய்லிங்கறவர் பேரால கெய்லி கிராஃப்னு சொல்றாங்க. இப்படி குரூப்பைப் படமாக்கி, படத்தோட வடிவத்தைப் பார்த்து குரூப்பைப் புரிஞ்சுக்கிறதுதான் ஜியாமெட்ரிக் குரூப் தியரி.

முதல் படம், எங்க அப்பாயி வாசல்ல வைக்கிற புள்ளி மாதிரி கட்டம் கட்டமா இருக்கு. வடக்கே போய் கிழக்கே திரும்பினாலும், கிழக்கே போய் வடக்கே திரும்பினாலும் சேர்ற இடம் ஒண்ணுதான். பத்து அடிக்குள்ள எத்தனை புள்ளியைத் தொடலாம்? 221. ரெண்டாவது படத்துலயும் அதே நாலு திசை, அதே பத்து அடி. ஆனா இது கல்லணையில தண்ணி பிரியற மாதிரி. ஒவ்வொரு புள்ளியிலயும் மூணு புதுக் கிளை, பிரிஞ்ச கிளை மறுபடி சேரவே சேராது. (நிஜ ஆத்துல சேர்றதும் உண்டு, கண்டுக்காதீங்க.) இங்கே எத்தனை புள்ளி? 1,18,097! நான் நம்பாம நோட்டுல போட்டுப் பார்த்தேன். சரியா வந்துச்சு.

இந்தப் பெருக்கத்தோட வேகத்தை வெச்சே குரூப்போட ஜாதகத்தைச் சொல்லிடலாம்னு மிகெய்ல் குரோமோவ் 1981-ல காட்டினார். ஸ்கொயர், க்யூப் மாதிரி நிதானமா பெருகற குரூப் எல்லாம் உள்ளுக்குள்ள ரொம்ப ஒழுங்கானவை, முதல் படத்தோட சொந்தக்காரங்க. நம்ம நாட்டுல இந்தத் துறையில பெரிய பேரு மகான் மகராஜ். ராமகிருஷ்ணா மிஷன் துறவி, 2011-ல பட்நாகர் விருது வாங்கினவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில எலெக்ட்ரிகல் சேர்ந்துட்டு கணக்குக்குத் தாவினவராம். இதை நான் ரெண்டு தடவை படிச்சேன்.

சரி, நம்ம ஊர் இதுல எங்கே வருது? தஞ்சாவூர்லேருந்து சுமார் 40 கிலோமீட்டர்ல வருது. ராமானுஜன் 1916-ல சொன்ன ஒரு அனுமானத்தை டெலீன் 1974-ல நிரூபிச்சார். அந்த வழியைப் பிடிச்சு லுபோட்ஸ்கி, ஃபிலிப்ஸ், சர்நாக் மூணு பேரும் 1988-ல ஒரு வலைப்பின்னல் கட்டினாங்க. கோடு கொஞ்சம்தான், ஆனா எந்தப் புள்ளியிலேருந்தும் எந்தப் புள்ளிக்கும் சில தாவல்ல போயிடலாம். டவுன் பஸ் ரூட்டை இப்படிப் போட்டிருந்தா என் அட்டென்டன்ஸ் எங்கேயோ போயிருக்கும்! அதுவும் கெய்லி கிராஃப்தான். பேரு, ராமானுஜன் கிராஃப்.

2005-லேருந்து சாஸ்த்ரா பல்கலைக்கழகம் ராமானுஜன் பரிசு கொடுக்குது. அவர் பிறந்த நாளான டிசம்பர் 22-ஐ ஒட்டி கும்பகோணத்துல நடக்கிற கான்ஃபரன்ஸ்லதான் வழக்கமா பரிசளிப்பு. வாங்கறவங்க வயசு 32-ஐத் தாண்டக் கூடாது, ஏன்னா ராமானுஜன் வாழ்ந்ததே அவ்வளவுதான். பீட்டர் ஷோல்ட்சே இதை வாங்கினது 2013-ல, ஃபீல்ட்ஸ் மெடல் 2018-ல. மரீனா வியாசோவ்ஸ்கா 2017-ல, ஃபீல்ட்ஸ் 2022-ல. ஸ்டாக்ஹோம், ஆஸ்லோன்னு பேசறோம்... கும்பகோணம் எப்படி முந்திக்குது பார்த்தீங்களா? 2020 பரிசு ஷாய் எவ்ராவுக்கு. அவர் வேலை, ராமானுஜன் கிராஃபோட அண்ணன் மாதிரியான பல பரிமாண வடிவங்கள் பத்தி. அதாவது, சாட்சாத் டோபாலஜி.

இதே கும்பகோணத்துல, கணக்கைத் தவிர மத்ததுல கோட்டை விட்டு, ஸ்காலர்ஷிப்பை இழந்தவர் ராமானுஜன். நான் அப்படியே உல்டா. எனக்கு அரியர் இருக்கிறதே கணக்குல! மூணாவது செமஸ்டர்ல ஃபார்முலாவை நெட்டுரு போட்டேன், ஹாலுக்குள்ள போனதும் ஆவியாயிடுச்சு. ஆனா புள்ளி எண்ணினப்போ நான் எதையும் நெட்டுரு போடலையே? அந்த ரெண்டு நாள்ல பாதிக்கு மேல தலைக்கு மேல போச்சுங்கறதும் நிஜம்தான். இருந்தாலும் புரிஞ்ச அந்த ஒரு மணி நேரம் என்னை விடமாட்டேங்குது.

வீட்டுல மெதுவா ஆரம்பிச்சேன். "பி.இ. முடிச்சுட்டு எம்.எஸ்சி. கணக்கா? அந்த லோனை யாருடா கட்டுறது?"ன்னார் அப்பா. அவர் கேட்கிறதுல தப்பு ஒண்ணுமில்லை. ரெண்டு மா வயலை நம்பி வாங்கின லோன் அது. அவருக்கு ஆசை, அத்தை பையன் மாதிரி நானும் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பார்க்குக்குப் போகணும்னு.

தேடிப் பார்த்தா ஒரு வேடிக்கை. சி.எஸ். சேஷாத்ரி 1989-ல ஆரம்பிச்ச சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட், இப்போ அதே சிறுசேரி சிப்காட்டுக்குள்ளதான் இருக்கு! என்ட்ரன்ஸ் எழுதி, பி.இ. படிச்சவங்களும் அங்கே எம்.எஸ்சி. கணக்குல சேரலாம். அரியரை முதல்ல முடிக்கணும், அது தனிக் கதை.

"அப்பா, நானும் சிறுசேரிக்குத்தான் போகணும்னு இருக்கேன்"னேன் போன வாரம். சந்தோஷத்துல டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துட்டார். எந்த கேட்டுன்னு நான் இன்னும் சொல்லலை.