டீசலின் எட்டு ரூபாய் யாருக்கு?

கனமான டிரெய்லரை இழுப்பதற்குப் பெட்ரோல் எஞ்சின் ஏற்றதா, டீசல் எஞ்சின் ஏற்றதா? அமெரிக்காவில் படகையோ, குதிரைகளையோ, சக்கரம் வைத்த சிறு வீட்டையோ பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் பிக்கப் வண்டி உரிமையாளர்கள் இந்தக் கேள்வியைப் பல மாதங்கள் அலசிய பிறகே வண்டி வாங்குகிறார்கள். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ டிரெய்லர் லாரி வாங்கப் போகிறவர் இதைக் கேட்பதே இல்லை. பெட்ரோலில் ஓடும் டிரெய்லர் லாரி நமது சந்தையில் கிடையாது. கேட்கப்படாத இந்தக் கேள்விக்குள் நமது எரிபொருள் வரிக் கொள்கையின் நெடுநாள் குழப்பம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

முதலில் அமெரிக்கரின் கணக்கைப் பார்ப்போம். செவர்லே நிறுவனத்தின் கனரக பிக்கப் வண்டி ஒரே 6.6 லிட்டர் கொள்ளளவில் பெட்ரோல், டீசல் என இரு எஞ்சின்களுடன் விற்கப்படுகிறது. பெட்ரோல் எஞ்சினின் முறுக்கு விசை சுமார் 630 நியூட்டன் மீட்டர். டீசல் எஞ்சினுடையதோ 1,320. கொள்ளளவு ஒன்றாக இருந்தும் இழுவைத் திறன் இரு மடங்குக்கு மேல். டீசல் எஞ்சின் காற்றை மிக அதிகமாக அழுத்தி, அந்த வெப்பத்திலேயே எரிபொருளை எரிய வைக்கிறது. டர்போ அமைப்பு மேலும் காற்றைத் திணிக்கிறது. எனவே குறைந்த வேகச் சுழற்சியிலேயே முழு பலம் கிடைக்கிறது. மேலும், ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்து விழுக்காடு அதிகம்.

அப்படியானால் எல்லாரும் டீசலைத்தானே வாங்க வேண்டும்? அங்கே அப்படி நடக்கவில்லை. டீசல் எஞ்சினுக்காகச் சுமார் 10,000 டாலர் கூடுதலாகத் தர வேண்டும். புகைவடிகட்டி, யூரியாக் கரைசல் ஆகியவற்றின் பராமரிப்புச் செலவு தனி. அமெரிக்காவில் டீசல்தான் பெட்ரோலைவிட விலை அதிகம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, சுமையோடு செல்கையில் பெட்ரோல் வண்டி கேலனுக்கு 8 மைலும், டீசல் வண்டி 10.5 மைலும் தருவதாகவும், பெட்ரோல் கேலன் 3.10 டாலர், டீசல் 3.70 டாலர் என்றும் கொள்வோம். மைலுக்கு மிச்சமாவது மூன்றரை சென்ட் மட்டுமே. கூடுதலாகக் கொடுத்த 10,000 டாலரைத் திரும்ப எடுக்க 2.8 இலட்சம் மைல் ஓட்ட வேண்டும். கோடை விடுமுறைக்கு மட்டும் டிரெய்லர் கட்டும் குடும்பம் தன் வாழ்நாளில் அந்தத் தொலைவைத் தொடாது. அவர்கள் பெட்ரோல் வண்டியை வாங்குவதில் வியப்பில்லை.

ஆனால் அதே அமெரிக்காவில், அதே விலை உயர்ந்த டீசலை ஊற்றித்தான் 36 டன் எடையுள்ள நெடுஞ்சாலை டிரெய்லர் லாரிகள் ஏறக்குறைய முழுவதும் ஓடுகின்றன. இங்கேதான் பொருளியல் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. எடை கூடக்கூட, விலைக்கும் வரிக்கும் தேர்வை மாற்றும் ஆற்றல் குறைகிறது. நடுவில் உள்ள வண்டிகளை வரி அசைக்கும். உச்சியில் உள்ளவற்றை அசைக்காது.

நமது நாட்டுக் கணக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். லிட்டருக்கு 3 கி.மீ. தரும் டிரெய்லர் லாரி ஒன்று ஆண்டுக்கு ஒரு இலட்சம் கி.மீ. ஓடினால் சுமார் 33,300 லிட்டர் டீசல் வேண்டும். 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பின் சென்னையில் நிலவிய லிட்டர் 92 ரூபாய் சொச்சம் என்ற விலையில் இது ஏறத்தாழ 31 இலட்சம் ரூபாய். இதே வேலையைச் செய்ய ஒரு பெட்ரோல் எஞ்சினுக்கு 35 விழுக்காடு அதிகமாக எரிபொருள் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், 45,000 லிட்டர். 100 ரூபாய் 80 காசு வீதம் 45 இலட்சத்துக்கு மேல். டீசல் விலையைப் பெட்ரோலுக்குச் சமமாக்கினாலும் லாரிக்காரர் பெட்ரோலுக்கு மாற மாட்டார். பெட்ரோலைவிட டீசல் லிட்டருக்கு 35 ரூபாய் கூடுதலாக விற்றால்தான் இரண்டும் சமமாகும். எஞ்சினின் ஆயுள், மலைப்பாதையில் இழுவை ஆகியவற்றை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அதாவது, டீசலுக்கான வரிச் சலுகை லாரியின் எஞ்சினை ஒருபோதும் தீர்மானித்ததில்லை. அது சரக்குக் கட்டணத்தைத்தான் சற்றுக் குறைத்து வைத்தது. அரசுகள் விரும்பியதும் அதுவே. அரிசியும் காய்கறியும் சிமென்டும் டீசலில் வருகின்றன. எனவே டீசல் மலிவாக இருக்க வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாக எல்லாக் கட்சிகளும் ஏற்றுக்கொண்ட வாதம்.

அந்த வாதத்தின் விலையை நாம் 2012இல் கண்கூடாகப் பார்த்தோம். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது, டீசலுக்கு நீக்கப்படவில்லை. 2012 மே மாதம் தில்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்கு விற்றது. 32 ரூபாய் இடைவெளி! லாரிக்காக வைத்த மானியத்தை வாங்கிக்கொள்ளக் கார்கள் வரிசையில் நின்றன. அந்தக் காலத்தில் விற்ற பயணிகள் கார்களில் பாதிக்கும் மேல் டீசல் வண்டிகள். கிரித் பாரிக் குழு 2010 பிப்ரவரியிலேயே இதை எச்சரித்து, டீசல் கார்களுக்கு 80,000 ரூபாய் கூடுதல் வரி விதிக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. யாரும் செவிசாய்க்கவில்லை. 2013 ஜனவரியில் மொத்தக் கொள்முதலாளர்களுக்கு மட்டும் சந்தை விலை என்று அறிவித்தபோது, நமது அரசுப் பேருந்துகள் தங்கள் பணிமனையை விட்டுச் சில்லறை விற்பனை நிலையங்களில் டீசல் நிரப்ப நின்ற காட்சியும் அரங்கேறியது. சொகுசுக் காருக்கு மானிய விலை, ஏழைகள் ஏறும் பேருந்துக்குச் சந்தை விலை! 2014 அக்டோபரில் டீசலும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகே இந்தக் கூத்து ஓய்ந்தது.

பின்னர் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதிகள் வந்தன. சிறிய டீசல் எஞ்சினைத் தூய்மைப்படுத்தும் செலவு கட்டுப்படியாகாததால் மாருதி நிறுவனம் டீசல் கார்களையே கைவிட்டது. இன்று கார் விற்பனையில் டீசலின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பெரிய எஸ்யூவி வண்டிகள். மானியம் போய்விட்டது, ஆனால் வரி வேறுபாடு இன்னும் உள்ளது. 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் மத்திய கலால் வரி பெட்ரோலுக்கு லிட்டருக்கு 21.90 ரூபாய், டீசலுக்கு 17.80 ரூபாய். தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி பெட்ரோலுக்கு 13 விழுக்காட்டுடன் 11.52 ரூபாய், டீசலுக்கு 11 விழுக்காட்டுடன் 9.62 ரூபாய். விற்பனை நிலையத்தில் இது எட்டு ரூபாய் சொச்சமாகத் தெரிகிறது. 30 இலட்சம் ரூபாய் எஸ்யூவியும் மேட்டூர் உபரிநீர்த் திட்டத்துக்குக் குழாய் ஏற்றிச் செல்லும் டிரெய்லரும் அந்த எட்டு ரூபாயைச் சமமாகவே பெறுகின்றன.

இதற்கு நேர்மாறான தவறையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். 2023 செப்டம்பரில் டீசல் எஞ்சின் வாகனங்களுக்கு 10 விழுக்காடு கூடுதல் ஜிஎஸ்டி விதிக்கலாம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி பேசினார். எதிர்ப்பு எழுந்ததும், அப்படியொரு முன்மொழிவு பரிசீலனையில் இல்லை என்று அன்றே விளக்கமளித்தார். காற்று மாசு குறித்த கவலை நியாயமானது. டீசல் புகையின் தீங்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மாற்று எஞ்சின் இல்லாத லாரியின் மீது போடும் வரி புகையைக் குறைக்காது. வாடகையில் ஏறி, மளிகைக் கடையில் இறங்கும். டீசலைப் பெட்ரோல் விலைக்கு உயர்த்தினால் மேலே சொன்ன லாரிக்கு ஆண்டுக்கு 2.8 இலட்சம் ரூபாய் கூடுதல் செலவு. டீசல் இன்னும் ஜிஎஸ்டி வளையத்துக்குள் வராததால், அதில் ஒரு ரூபாயைக்கூட உள்ளீட்டு வரி வரவாக அவரால் கழித்துக்கொள்ள முடியாது.

அமெரிக்கா எதிர்த் திசையில் நடந்தது சுவையான ஒப்பீடு. அங்கே கேலனுக்குக் கூட்டரசு வரி பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். சாலையைச் சேதப்படுத்துபவை கனரக வாகனங்கள் என்பதால் 1984இல் டீசல் மீதான வரியை ஆறு சென்ட் உயர்த்தினார்கள். காரணம் வலுவானது: அச்சின் மீதான எடை இரட்டிப்பானால் சாலைச் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பது அறுபதுகளிலிருந்து பொறியாளர்கள் அறிந்தது. நாம் லாரிக்கு உதவ டீசல் வரியைக் குறைத்தோம். அவர்கள் லாரியிடம் வசூலிக்க டீசல் வரியைக் கூட்டினார்கள். நோக்கம் எதிரெதிர், செய்த பிழை ஒன்றே. வண்டியை அடையாளம் காண வழியில்லாத காலத்தில், எரிபொருளையே வண்டிக்குப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

இன்று அந்த வழி இருக்கிறது. 2018இலிருந்து மின்வழிச் சீட்டு. 2021 பிப்ரவரியிலிருந்து எல்லாச் சுங்கச் சாவடிகளிலும் ஃபாஸ்டேக். எந்த லாரி, எத்தனை அச்சு, எவ்வளவு தொலைவு என்பது அரசின் கணினியில் பதிவாகிறது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே அளவில் வரி விதித்துவிட்டு, சரக்கு லாரிக்கு மட்டும் ஓடிய தொலைவுக்கேற்ப ஒரு பகுதியைத் திருப்பித் தருவது இப்போது இயலக்கூடிய காரியம். பிரான்சும் பெல்ஜியமும் 7.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்கு இத்தகைய டீசல் வரித் திருப்பத்தைப் பல்லாண்டுகளாக நடைமுறைப்படுத்தி வந்துள்ளன. அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டு விசைப்படகு மீனவர்களுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் வழங்கப்படுகிறதே, அதுவும் பயனாளியை அடையாளம் கண்டு தரும் சலுகைதான்.

இதில் இடர்ப்பாடுகள் உண்டு. ஒரே லாரி வைத்து ஓட்டுபவருக்குத் திருப்பத் தொகை மூன்று மாதம் தாமதமானால், அவர் வட்டிக்கு வாங்கித்தான் டீசல் போட வேண்டியிருக்கும். டிராக்டர் வைத்திருக்கும் உழவர் சுங்கச் சாவடியைக் கடப்பதில்லை. அவருக்கு வேறு வழி காண வேண்டும். மின்சார லாரிக்கு 9.6 இலட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை தரும் பிரதமரின் இ-டிரைவ் திட்டத்தோடு டீசல் திருப்பம் மோதக்கூடாது. ஆகவே அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதாக இருக்க வேண்டும்.

டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் இவற்றில் பாதிச் சிக்கல் தானே தீரும் என்பது உண்மை. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தில் மாநிலங்கள் அதை ஏற்கவில்லை. தங்கள் கையில் எஞ்சியுள்ள மிகச் சில வரிகளில் ஒன்றை அவை விட்டுத்தர மறுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மதிப்புக் கூட்டு வரியின் டீசல் பங்கை மறுசீரமைக்க மாநில அரசுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. எஸ்யூவி உரிமையாளர் இன்று பெறும் சலுகையை எடுத்தால் கிடைக்கும் வருவாய், லாரிகளுக்கான திருப்பத் தொகையில் எவ்வளவைத் தாங்கும் என்பதை நிதித் துறை கணக்கிட்டு, அடுத்த நிதிநிலை அறிக்கையுடன் சட்டப்பேரவையில் வைக்கலாம்.