‘அண்ணாமலை’ன்னா என்ன அர்த்தம்? ‘அண்ணன்’ இல்லைங்க!

கூகுளில் ‘அண்ணாமலை’ன்னு தட்டினா ஒரு அரசியல்வாதி, 1992-ல் வந்த ரஜினி படம், சிதம்பரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம்னு வரிசையா வரும். எல்லாத்துக்கும் மூலப் பெயர், திருவண்ணாமலையில் நிற்கும் 2,668 அடி மலையோடது.

இந்த ‘அண்ணா’வுக்கு அண்ணன் என்று பொருள் இல்லை. பரவலான விளக்கம் இதுதான்: அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணாத மலை, அதாவது நெருங்க முடியாத மலை. வாடாத மலர் ‘வாடா மலர்’ ஆகுதே, அதே கணக்கு. ஸ்கூல்ல படிச்ச ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஞாபகம் இருக்கா? (மார்க்குக்குப் படிச்சது, இப்போ உதவுது.)

தல புராணமும் இதுக்கு ஒத்துப்போகுது. யார் பெரியவர்னு பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் போட்டி. நடுவில் நெருப்புத் தூணாக சிவன். ஒருத்தர் அன்னமாகப் பறந்து முடியைத் தேடினார், இன்னொருத்தர் பன்றியாகி அடியைத் தோண்டினார். ரெண்டு பேருக்கும் எட்டவில்லை. அந்த நெருப்பே மலையானது என்பது ஐதீகம்.

‘அருணாசலம்’ தனிக் கதை. அருணம் சிவப்பு, அசலம் மலை. அந்தப் பெயரில் நிறம் இருக்கு, உயரம் இல்லை.

ஆனா எனக்குப் பிடிச்சது இன்னொரு விளக்கம். ‘அண்ணாத்தல்’ என்றும் ஒரு சொல் இருக்கு: தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பது, வாயைத் திறப்பது. திருக்குறளின் 255-வது குறளில் வாய் திறக்கும் பொருளில் வருது. ‘எச்சில் பண்ணாம அண்ணாந்து குடி’ன்னு வீட்டில் சொல்வாங்களே, அந்த ‘அண்ணாந்து’ இதுதான். ‘அண்’ என்றால் மேல். வாயின் மேற்பகுதி அண்ணம். உயர்ந்த மனிதர் அண்ணல்.

அண்ணல் என்ற சொல்லுக்கு பெருமை, மேன்மை, தலைவன் என்றெல்லாம் அகராதி பொருள் தருது. கம்பர் ராமனை அண்ணல் என்கிறார், நாம அம்பேத்கரைச் சொல்கிறோம். ‘கெத்து’, ‘மாஸ்’ எல்லாம் எதிரில் நிற்பவரைப் பற்றிய வார்த்தைகள். அண்ணல் அப்படி இல்லை. பார்க்கிற நம்ம கழுத்து எவ்வளவு நிமிருதோ, அதுதான் அவர் உயரம். யாரும் நெருங்கக் கூடாதுன்னு சொல்லும் பெருமையைவிட, எல்லாரையும் தலை நிமிர வைக்கும் பெருமை மேல் இல்லையா?

ரெண்டில் எதை எடுத்தாலும் மலை மேலே, நாம கீழே. அந்த இடைவெளி பெயரிலேயே இருக்கு. நடைமுறையில் அதை நாம மதிச்சோமா?

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவார வ.உ.சி. நகரில் மண் சரிந்து வீட்டின் மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தாங்க. அதே மாதம் 13-ம் தேதி தீபத் திருவிழா. பக்தர்கள் மலையேற அரசு அனுமதி தரவில்லை. தீபம் ஏற்றுவதற்குத் தேவையானவர்கள் மட்டும் போனாங்க, உச்சியில் வழக்கம்போல மகா தீபம் எரிந்தது. மலையேறுவது பலருக்குப் பல வருட வேண்டுதல், அந்த ஏமாற்றம் புரியுது. ஆனாலும் அந்த முடிவு சரி என்பேன். உச்சியில் ஏற்றும் தீபமே ஊர் முழுக்க கீழே இருந்து பார்க்கத்தானே?

அதுக்காக, ‘நெருங்காதே’ன்னு பெயரே சொல்லுதேன்னு சரிவில் குடியிருப்பவர்களைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஊருக்குள்ள வாடகை கட்ட முடிஞ்சா யார் மலைச்சரிவில் வீடு கட்டுவா? வருஷத்துல ஒரு நாள் மலையேறுபவரைத் தடுக்க ஒரு உத்தரவு போதும். தினமும் அங்கே தூங்குபவருக்கு, வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகிற தூரத்தில் ஒரு மாற்று வீடு வேணும். அடுத்த பெருமழைக்கு முன்னாடியே வேணும்.