ஊசி போடாதவரை உங்களுக்குக் கவலையில்லையா?

மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

முதுகெலும்பை நெட்டியெடுத்து வலியைத் தீர்ப்பதாகச் சொல்லி எங்கள் நகரில் நடக்கும் நிலையத்தைப் பற்றிக் கொடுத்த மனுக்களுக்கு உங்கள் அலுவலகம் கடைசியாக அனுப்பிய பதில்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுத வைத்தது. அங்கே ஊசி போடுவதில்லை, மாத்திரை கொடுப்பதில்லை, ஆகவே போலி மருத்துவர் என்று நடவடிக்கை எடுக்க இடமில்லை என்பது அந்தப் பதிலின் சாரம். அந்த நிலையத்தின் பலகையில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இருக்கிறது. டிஸ்க் விலகல், சயாட்டிகா, கழுத்துத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் ஒரே அமர்வில் தீர்வு என்றும் இருக்கிறது. எந்தப் படிப்பு, எங்கே பதிவு என்று ஒரு வரி இல்லை. இதில் எந்த விதி பொருந்தும் என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை ஏன் எடுத்துப் பார்க்கவில்லை என்பதே என் கேள்வி.

முதலில் அந்தச் சிகிச்சைக்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். இப்படி நெட்டியெடுக்கும் கைரோபிராக்டிக் முறை 1895இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி. பால்மர் என்பவரால் தொடங்கப்பட்டது. நோய்களில் பெரும்பாலானவை முதுகெலும்பு இடம் பிசகுவதால் வருகின்றன என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் முதுகெலும்பைக் கையால் அழுத்தி அசைக்கும் முறையை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்திருக்கிறார்கள். 47 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, நாள்பட்ட இடுப்புவலிக்கு அது உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு ஏறக்குறைய இணையான பலன் தருகிறது என்றது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும் உடற்பயிற்சி, மசாஜ் ஆகியவற்றோடு அதற்கும் இடம் இருக்கிறது. அதே வழிகாட்டுதல் நம் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்ட இடுப்பு பெல்ட்டையும் டிராக்ஷனையும் வேண்டாம் என்கிறது. ஆகவே ஆங்கில மருத்துவம் எல்லாம் சரி, மற்றதெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. அந்த முறையைத் தடைசெய்யுங்கள் என்றும் எந்த மனுவிலும் கேட்கவில்லை.

பலகையில் சொல்லப்படுவது வேறு. விலகிய டிஸ்க்கைத் தட்டி உள்ளே தள்ளிவிடுவதாக அது வாக்குக் கொடுக்கிறது. நெட்டி எடுக்கும்போது கேட்கும் சத்தம் மூட்டுத் திரவத்துக்குள் வாயுக்குமிழி உருவாவதால் வருவது. எலும்பு போய்த் தன் இடத்தில் உட்காரும் சத்தம் அல்ல. டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எம்ஆர்ஐ அறிக்கை சொன்னாலே அதுதான் வலிக்குக் காரணம் என்றும் ஆகிவிடாது. முதுகில் எந்த வலியும் இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. வயதானால் தோல் சுருங்குவதைப் போன்ற ஒரு மாற்றத்தைக் காட்டிப் பயமுறுத்தி, அதைச் சரிசெய்வதாகப் பணம் வாங்குகிறார்கள். ‘அங்கே போனவர்களுக்குக் குணமாகியிருக்கிறதே’ என்று உங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். குணமாகியிருக்கும், மறுக்கவில்லை. புதிதாக வந்த இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் சிகிச்சை தேடி ஓடுகிறார்கள். அதன்பின் எதைச் செய்தாலும், செய்யாமலே இருந்தாலும், வலி இறங்கத்தான் போகிறது. அப்படி இறங்கியதை நெட்டியின் கணக்கில் எழுதிக்கொள்வது சுலபம்.

பணம் போனால் போகட்டும், தொடக்கூடாத முதுகைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. உலகின் காசநோயாளிகளில் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். எலும்பைத் தாக்கும் காசநோய் மற்ற எலும்புகளைவிட முதுகெலும்பைத்தான் அதிகம் தாக்குகிறது. தொடக்கத்தில் அது சாதாரண முதுகுவலிபோலவே இருக்கும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் கூடும் வலி என்று கேட்டுப் பார்ப்பவருக்குத்தான் சந்தேகம் வரும். அரித்துப்போன அந்த எலும்பின் மேல் ஒருவர் முழங்கையை வைத்து அழுத்தினால் தண்டுவடம் நசுங்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்துபோன பெண்கள், புற்றுநோய் முதுகுக்குப் பரவியவர்கள், கால் மரத்துச் சிறுநீர் அடக்க முடியாமல் போனவர்கள் என்று கைவைக்கக்கூடாதவர்கள் இன்னும் பலர். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளம் கிழிந்து பக்கவாதம் வந்ததாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அரிது என்பார்கள். அரிதுதான். அந்த அரிதானவரை அடையாளம் கண்டு திருப்பியனுப்பத் தெரிந்திருப்பதுதான் இந்தச் சிகிச்சையில் பாதி. நோயாளியை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்காமல் நேராக மேசையில் படுக்கவைக்கும் இடத்தில் அந்தப் பாதி இல்லவே இல்லை.

2017இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கால்வலிக்காகக் கைரோபிராக்டரிடம் போன முதியவருக்குச் சிகிச்சை மேசையிலேயே கழுத்தெலும்பு முறிந்தது. மறுநாள் இறந்துபோனார். அவருடைய முதுகெலும்பு இறுகிப்போயிருந்தது முன்பே தெரியவில்லை. ‘டாக்டர்’ என்ற அடைமொழியைப் பார்த்து மருத்துவர் என்றே நினைத்துவிட்டோம் என்றது குடும்பம். 2019இல் மரண விசாரணை நடத்திய அதிகாரி, சிகிச்சைக்கு முன் படமெடுத்துப் பார்ப்பதையும் முதலுதவிப் பயிற்சியையும் பரிசீலிக்கும்படி அந்தத் தொழிலின் கவுன்சிலைக் கேட்டுக்கொண்டார். அந்த நாட்டில் கைரோபிராக்டர்களுக்கென்றே 1994 முதல் சட்டம் இருக்கிறது. கவுன்சில் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, கேள்வி கேட்க ஓர் அதிகாரி இருந்தார். அவ்வளவும் இருந்த இடத்திலேயே ஓர் உயிர் போனது. நம் ஊரில் அப்படி ஒன்று நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? நீங்கள் அனுப்பிய பதிலின்படி யாருமே இல்லை.

பாரம்பரிய வைத்தியத்தின் மேல் கைவைக்கச் சொல்கிறோம் என்று இதைத் திசைதிருப்ப வேண்டாம். வர்மமும் தொக்கணமும் ஒத்தடமும் நம் மண்ணில் தலைமுறைகளாக இருப்பவை. அவற்றை முறையாகப் படித்துப் பதிவுசெய்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தவறு செய்தால் கேட்க ஓர் அமைப்பு உண்டு. கேட்பாரற்ற கை எந்த மரபைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் எனக்கு ஒன்றுதான். சாதாரண மக்கள் வேறு எங்கே போவார்கள் என்பது இதைவிடக் கனமான கேள்வி. வெளிநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடம் நின்று வலிமாத்திரைச் சீட்டோடு திரும்பியவர்தான் மறுநாள் அந்தப் பலகையை நிமிர்ந்து பார்க்கிறார். அங்கேயாவது ஒருவர் முதுகைத் தொட்டுப் பார்க்கிறார், எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். அந்த ஆறுதலை உங்கள் மருத்துவமனைகள் கொடுக்கத் தவறியதால்தான் இந்தக் கடைகள் ஓடுகின்றன. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு இயன்முறை சிகிச்சை வீட்டுத் திண்ணை வரைக்கும் வருகிறது. அப்படியிருக்க, முதுகு வலித்தால் அரசிடமே இயன்முறை சிகிச்சையாளர் இருக்கிறார் என்று சொல்லும் ஒரு தாளைக்கூட மருத்துவமனைச் சுவரில் காணோம்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. அந்த நிலையத்துக்கு நேரில் போங்கள். என்ன படித்தார்கள், முதல் நாளில் நோயாளியிடம் என்ன கேட்கிறார்கள், யாரைத் திருப்பியனுப்பியிருக்கிறார்கள், அதற்குப் பதிவேடு இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையில்லாதவர் போட்டுக்கொண்ட ‘டாக்டர்’ என்ற சொல்லைப் பலகையிலிருந்து எடுக்க வையுங்கள். நீங்கள் கண்டதை எழுத்தில் வெளியிடுங்கள். உங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று இதற்குப் பிறகும் சொல்வீர்களானால், யாருடைய அதிகாரத்துக்குள் வரும் என்று பெயர் குறிப்பிட்டு எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்தக் காகிதத்தோடு அடுத்த அலுவலகத்துக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலைப் படித்த நகரவாசி